சுண்ணாம்புக் கோட்டில் சறுக்கியவர்கள்

ஆயுசு பூரா டவுன் பஸ் ஓட்டிய மனுஷனிடம் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்து, அதில் ஒரு பச்சைக் குழந்தையையும் படுக்க வைத்தால் என்ன செய்வார்? முதலில் ஹாரன் எங்கே இருக்கிறது என்று தேடுவார். டிரைவர் அப்படித்தான் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் சைக்கிள் கடைக்குப் போய் ஒரு மணியை வாங்கிவந்து கைப்பிடியில் மாட்டினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்காகியும் டிரைவர் என்கிற பேர் அவரை விட்டு இறங்கவில்லை. தெருவிலும் பூங்காவிலும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். பேத்தி பிறந்ததிலிருந்து அந்த மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே யார் வந்தாலும் வண்டியை ஓரம் கட்டுவார், பிரேக்கை மிதிப்பார், கொசுவலையைத் தூக்குவார்.

"பாருங்க, எப்படிச் சிரிக்கிறா பாருங்க."

குழந்தை பாதி நேரம் தூங்கிக்கொண்டிருக்கும்.

"தூக்கத்துலயே சிரிக்கிறா" என்பார்.

தபால்காரர், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி, மாடிப்படி கழுவுகிற அம்மா என்று ஒருத்தரும் தப்பவில்லை. சிலபேர் மணிச்சத்தம் கேட்டாலே அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் தலையில் விழுந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இன்னும் வேலைக்குப் போகிறார். மருமகனுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். மகள் லீவு முடிந்து மாநகராட்சிக்குத் திரும்பிவிட்டாள். பேத்தியோ புட்டியை வாயருகே கொண்டுபோனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவாள், அந்தப் பக்கம் கொண்டுபோனால் இந்தப் பக்கம் திருப்புவாள். பசித்தால் அம்மாதான் வேண்டும். அதனால் மகள் எங்கே வேலை செய்கிறாளோ அங்கே டிரைவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

மகள் வரைபடப் பிரிவில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சாக்கடை, சின்னப் பாலம், பொதுக் கழிப்பறை, மறுபடியும் சாக்கடை, இதைத் தவிர வேறு எதையும் அவளை வரைய விட்டதில்லை. ஆபீசில் அவளுக்குச் 'சாக்கடை மேடம்' என்றே பேர். அவளும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். ஆனால் வீட்டில் அப்பாவிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்: "ஜனங்க முகத்தைச் சுளிக்காம நின்னு பாக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு வரைஞ்சுட்டாப் போதும்பா."

அந்த ஒண்ணு வந்தது. ஊரில் நாலு சக்கரப் பலகையில் நின்று சறுக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் நூலகத்துப் படிக்கட்டிலும் வங்கி வாசலிலும் தடதடவென்று குதிக்க, புகார் மேல் புகார் வந்து, கடைசியில் நகரத்தின் பெரிய பூங்காவுக்குள்ளேயே அவர்களுக்கு ஓர் இடம் கட்டிக்கொடுப்பது என்று முடிவானது. சறுக்குப் பூங்காவை வரையும் வேலை மகளுக்கு வந்தது. மற்றவர்கள் யாரும் தொட மாட்டேன் என்றதால்தான் வந்தது. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு வாயெல்லாம் பல்.

பூங்காவுக்கு வயசு அதிகம். மரங்கள் ஒன்றோடொன்று கை கோத்து நிற்கும். எதையும் வெட்டக் கூடாது. வேர் ஓடும் இடத்தில் தோண்டக் கூடாது. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே விளையாடுகிறவர்கள் கண்ணில் பட வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கக் கூடாது. கடைசி விஷயத்தைப் பற்றி மட்டும் மகளுக்குக் கவலை இல்லை. தண்ணீரை வழியனுப்புவதுதானே அவள் பிழைப்பு! கிழக்குப் பக்கம் யாரும் உட்காராத ஒரு புல்வெளி இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள்.

சறுக்குகிறவர்களைக் கூப்பிட்டு மரத்தடியில் உட்கார வைத்து வரைபடத்தை விரித்தாள். அதில் இரண்டு பேர் எப்போதும் வருவார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ், டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு பலகையைக் கையில் இடுக்கிக்கொண்டு வருவாள். இன்னொருத்தன் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகும் கூரியர்க்காரன்.

"அக்கா, கோபிச்சுக்காதீங்க" என்றான் கூரியர்க்காரன், காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி. "இது எனக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி தெரியுது."

"அது கிண்ணம்ப்பா. நடுவுல பள்ளம். சுத்தி மேடு. இது நீ வர்ற வழி, இது திரும்பற வழி."

"எவ்ளோ பெருசுன்னு பேப்பர்ல பிடிபடல மேடம்" என்றாள் நர்ஸ். "கால்ல தெரியணும்."

மகள் வரைபடத்தைச் சுருட்டினாள். பிறகு எழுந்து போய், ஃபுட்பால் மைதானத்துக்குக் கோடு போடும் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்புத் தூள். காகிதத்தில் இருந்த அத்தனையும் முழு அளவில் புல்வெளிமேல் ஏறியது. பெரிய வளைவு, சின்ன வளைவு, நடுவில் இரண்டு வழிகளும் ஒன்றை ஒன்று வெட்டிப் போகும் இடம் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாக விழுந்தன. டிரைவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பேத்தி தோளில் கக்கிவிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் வினை பிடித்தது.

பூங்காவின் நடைபாதை செவ்வகமாக, ஓடு பதித்து இருக்கும். ஓடெல்லாம் பெயர்ந்துபோய், வண்டி டக் டக்கென்று இடிக்கும். ஒவ்வோர் இடிக்கும் பேத்தி கண்ணைத் திறப்பாள். டிரைவர் மெல்ல வண்டியைப் புல்வெளிப் பக்கம் இறக்கினார். வெட்டிவிட்ட புல்லில் சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. எதிரே வெள்ளைக் கோடு. ஆயுசு பூரா ரோட்டில் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வண்டி ஓட்டியவர் வேறென்ன செய்வார்? கோட்டைப் பிடித்தார். வளைவில் வளைந்தார். குழந்தை அசந்து தூங்கியது. அவரும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய சுற்று சுற்றினார்.

இதை நடைபயிற்சிச் சங்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சங்கத்தின் தலைவர் ஓய்வு பெற்ற போக்குவரத்துப் போலீஸ்காரர். டிராஃபிக் என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் விசில் இன்னும் தொங்கும். எல்லாரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும் என்பது அவர் சட்டம். யாராவது எதிர்த்திசையில் வந்தால் விசில் பறக்கும். அவருக்கும் டிரைவருக்கும் அந்தக் காலத்திலேயே ஆகாது.

"யோவ் டிரைவர், இது என்னய்யா புதுசா கோடு? யாரு போட்டது?"

"யாரா? என் பொண்ணு போட்டது!"

"அட! உன் வீட்லயும் மூளை உள்ள ஆள் இருக்கா?" டிராஃபிக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "வளைவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நிழலாவும் இருக்கு. நாங்களும் நடந்து பாக்கலாமா?"

அந்த இடத்தில் டிரைவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகளைப் புகழ்ந்த வாயை எப்படி அடைப்பது?

"தாராளமா நடங்க" என்றார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒரு ஊர்வலம் கிளம்பிவிட்டது. முட்டி வலிக்காக நடக்கிற டெய்லர் அக்கா, அவர் தோழிகள், பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடக்கிறவர், போனில் கத்திக்கொண்டே நடக்கிறவர் எல்லாரும் சறுக்குப் பூங்காவின் கிண்ணத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போனார்கள். இரண்டு வழிகளும் வெட்டும் இடத்தில் முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் முட்டிக்கொண்டார்கள். டெய்லர் அக்காவின் மூக்குக்கண்ணாடி பறந்தது. டிராஃபிக் அதைப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. விடுவிடுவென்று போய் அந்த வெட்டுமுனை நடுவில் நின்றார். இடது கையை நீட்டினார். விசில் அடித்தார். ஒரு வரிசை நின்றது. ஒரு வரிசை நகர்ந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு இப்படி ஒரு ஜங்ஷன் கிடைத்ததே இல்லை.

அடுத்த நாள் இன்னும் நாலு பேர் கூடுதலாக வந்தார்கள். அதற்கடுத்த நாள் டிராஃபிக் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். டிரைவர் தினமும் 'இன்னைக்குச் சொல்லிடணும்' என்று வீட்டிலிருந்து கிளம்புவார். போனதும் எல்லாரும் வண்டியைச் சூழ்ந்துகொண்டு பேத்தியைக் கொஞ்சுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும்.

வியாழக்கிழமை காலையில் மகள் பெரிய இன்ஜினியரை இடம் காட்ட அழைத்துவந்தாள். வந்து பார்த்தால் அவள் கிண்ணத்தைச் சுற்றி ஒரு ஊரே நடக்கிறது. நடுவில் கையுறை போட்ட ஒருத்தர் போக்குவரத்தைச் சரி செய்கிறார். முன்வரிசையில் தன் குழந்தை, தன் அப்பா.

"என்னம்மா இது?" என்றார் இன்ஜினியர்.

டிராஃபிக் வேகமாக வந்து கை கூப்பினார். "சார், அருமையான பாதை. சங்கத்து சார்பா ரொம்ப நன்றி. இந்த ஜங்ஷன்ல மட்டும் ஒரு மேடை போட்டுக் குடுத்தீங்கன்னா நான் நின்னுக்குவேன்."

மகள் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். இது நடக்கிற பாதை இல்லை, சறுக்குகிறவர்களுக்கான இடம் என்று. டிராஃபிக் கூப்பிய கையைக் கீழே இறக்கினார். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"அதெப்படி? நாங்க நடந்து பழகிட்டோம்!"

"படிக்கட்டை எல்லாம் உடைச்ச ஆளுங்களுக்கு எங்க பாதையா?"

"முட்டிக்கு இதமா இருந்துச்சும்மா" என்றார் டெய்லர் அக்கா, அழுகிற குரலில்.

இன்ஜினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ்ளோ எதிர்ப்பு இருந்தா கஷ்டம்மா. ஊருக்கு வெளியே, சுத்துச் சாலைக்கு அந்தப் பக்கம், குப்பைக் கிடங்கு பின்னால காலி இடம் இருக்கு. அங்க மாத்திடலாம். ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றேன். அதுக்குள்ள இவங்க சரின்னா சரி, இல்லைன்னா அங்கதான்."

அந்த இடம் டிரைவருக்குத் தெரியும். அவர் காலத்திலேயே அந்தப் பக்கம் பஸ் போகாது. அங்கே யார் போய்ச் சறுக்குவார்கள்? யார் நின்று பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மகள் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். டிரைவர் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் தொடவில்லை.

"கண்ணு... நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்ப்பா. குழந்தையை வச்சுத் தள்ளுற வண்டிதானே குடுத்தேன்? ஊரையே எதுக்கு ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை அம்மாவின் வயிறு குலுங்குவதை உணர்ந்து நிமிர்ந்து பார்த்தது.

"அந்தக் கையுறை!" என்றாள் மகள், மூச்சு வாங்க. "எங்க ஆபீஸ்ல யாராவது நம்புவாங்களா?"

சிரிப்பு அடங்கியதும் அவள் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. "அப்பா, அந்த வெட்டுற இடத்துல நிஜமாவே தினம் முட்டிக்கிட்டாங்களா?"

"தினமும்தான். விசில் இல்லைன்னா இன்னும் நாலு கண்ணாடி உடைஞ்சிருக்கும்."

"நடக்கறவங்களே முட்டிக்கிட்டா, வேகமா வர்றவங்க?" அவள் பென்சிலைத் தேடினாள். "நர்ஸ் அன்னைக்கே இழுத்தா, 'இங்க மட்டும் கொஞ்சம்' அப்படின்னு. நான்தான் பேப்பர்ல அழகா இருக்குன்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை அவளே பூங்காவுக்கு வந்து, ஓரமாக நின்று, நடக்கிறவர்களைப் பார்த்தாள். எங்கே மெதுவாகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், எந்த மரத்து நிழலில் தானாக வேகம் குறைகிறது எல்லாம் பார்த்தாள். அவர்கள் முறைத்தார்கள். அவள் வணக்கம் சொன்னாள். புல் எங்கெல்லாம் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். ஜனங்களுக்குப் பிடித்தது கிண்ணத்தின் உட்பக்கம் அல்ல, அதன் வெளி விளிம்பும் மரநிழலும்தான் என்று தேய்ந்த புல்லே காட்டியது.

சனிக்கிழமை சாயங்காலம் புல்வெளி மறுபடி மாறியது. கிண்ணம் தெருப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. வெட்டும் இடம் மறைந்தது. சறுக்கும் வழிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போயின. சறுக்குகிறவர்களுக்கு உள்ளே செங்கல் தூளில் சிவப்புக் கோடு. நடக்கிறவர்களுக்கு வெளியே மரங்களை ஒட்டி வெள்ளைக் கோடு. இரண்டுக்கும் நடுவே, உட்காரத் திண்டு வரும் இடத்துக்கு ஒரு நீளக் கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். நடைபயிற்சிச் சங்கம் ஒரு பக்கம், கையைக் கட்டிக்கொண்டு. சறுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம், பலகையைக் கட்டிக்கொண்டு. இன்ஜினியர் நடுவில்.

டிரைவர் முதல் ஆளாக முன்னால் வந்தார். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. தப்பு என்மேலதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் பேத்தி வண்டிக்குப் பின்னால இத்தனை பேர் வந்ததும் எனக்கு வாய் அடைச்சுப் போச்சு."

"உன் பஸ்ஸுக்குப் பின்னாலயும் இத்தனை பேர் ஓடுவாங்க" என்றார் டிராஃபிக். "நீ ஸ்டாப்ல நிறுத்தினாத்தானே?"

முதல் சிரிப்பு அங்கே விழுந்தது.

"பேசறதை விட நடந்து பாத்துடலாம்" என்றாள் மகள். "நீங்க வெள்ளையில நடங்க. இவங்க சிவப்புல ஓடுவாங்க. பலகையோட சின்னச் சக்கரம் புல்லுல உருளாது, அதனால கால்ல ஓடுவாங்க. நடுவுல பள்ளம் இருக்குன்னு நினைச்சுக்கோங்க."

"எவ்ளோ ஆழம்?" என்றார் டெய்லர் அக்கா.

நர்ஸ் கோட்டுக்குள் போய் நின்று இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "இங்க இவ்ளோ. அந்த ஓரத்துல என் தலை தெரியாது."

டிராஃபிக் விசில் அடித்தார். வெள்ளை வரிசை நகர்ந்தது. சிவப்பு வரிசை ஓடியது. கூரியர்க்காரன் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பள்ளம் வரும் இடத்தில் முட்டியை மடக்கிக் குனிந்து, மேடு வரும் இடத்தில் எம்பி, வாயாலேயே "ஷ்ர்ர்ர்ர்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு ஓடினான். நர்ஸ் அவனைத் துரத்தினாள். முதலில் நடக்கிறவர்கள் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார்கள். பேப்பர்க்காரர்தான் முதலில் சிரித்துவிட்டார். அவருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே நடந்த டெய்லர் அக்கா திண்டுக் கட்டத்தைத் தாண்டி சிவப்புக்குள் காலை வைத்துவிட்டார்.

"அக்கா, விழுந்துட்டீங்க!" என்று கத்தினான் கூரியர்க்காரன்.

"அய்யய்யோ!" என்று அவரும் நிஜமாகவே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் ஓடிவந்தாள். "அடி பட்டுச்சா?"

"இல்லடி, பள்ளம் மெத்துன்னு இருக்கு."

அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. போனில் கத்துகிறவர் போனைப் பையில் போட்டுவிட்டு சிவப்பில் ஓடினார். பேப்பர்க்காரர் பேப்பரையே பலகையாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். டெய்லர் அக்காவை இரண்டு பேர் கை கொடுத்துப் பள்ளத்திலிருந்து தூக்கினார்கள். இல்லாத பள்ளத்திலிருந்து ஏற அவர் காலைத் தூக்கி வைத்த அழகு இருக்கிறதே! டிரைவர் வண்டியோடு வெள்ளையில் முழுச் சுற்று வந்தார். எங்கும் யாரும் யாரையும் முட்டவில்லை.

டிராஃபிக் மட்டும் பழைய இடத்தில், இப்போது வெறும் புல்லாக இருந்த இடத்தில், நின்றுகொண்டிருந்தார்.

மகள் பக்கத்தில் போனாள். "ஐயா, உங்க ஜங்ஷனை எடுத்துட்டேன். கோபமா?"

அவர் சுற்றிலும் ஓடுகிறவர்களையும் நடக்கிறவர்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஜங்ஷன் இல்லாத ரோடும்மா" என்றார். "அது கிடைக்காதான்னுதான் நாங்க அத்தனை வருஷம் வெயில்ல நின்னோம்." கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார்.

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "அப்போ இனி யாருக்கும் எதிர்ப்பு இல்லையே?"

"இருக்கு" என்றார் டிராஃபிக்.

மகள் சட்டென்று திரும்பினாள். டிரைவர் வண்டியின் பிரேக்கை மிதித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிண்ணத்துக்குள்ள நாங்களும் நடக்கணும்" என்றார் டிராஃபிக். "எங்க ஆளுங்க இப்ப ருசி கண்டுட்டாங்க. காலையில எட்டு மணி வரைக்கும் எங்களுக்கு. அப்புறம் அவங்களுக்கு."

"ஆமா, சரிவுல மெதுவா ஏறி இறங்கலாம்ல?" என்றார் டெய்லர் அக்கா. நர்ஸ் தலையாட்டினாள்.

"எட்டா? அநியாயம் பெரியவரே!" கூரியர்க்காரன் குதித்தான். "நான் வேலைக்குப் போக வேணாமா? ஏழு!"

"ஏழுக்கு எங்களுக்குப் பாதி தூரம்கூட ஆகாது தம்பி."

"அப்போ வேகமா நடங்க!"

இன்ஜினியர் மகள் பக்கம் திரும்பினார். "நேரத்துக்குச் சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்கன்னா இடம் முடிவாயிடுச்சுன்னு அர்த்தம். இங்கயே கட்டிடலாம்மா. வர்ற மாசம் தோண்ட ஆரம்பிச்சுடுங்க."

அவள் சரி சார் என்றாள். குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று. வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய், எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். பால் கொடுக்கிறாளா, கண்ணைத் துடைக்கிறாளா என்று டிரைவருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் ஏழும் எட்டும் இன்னும் ஓயவில்லை.

"நம்ம டிரைவரைக் கேளுங்க" என்றார் பேப்பர்க்காரர். "யோவ், நீ எந்தக் கட்சி?"

டிரைவர் வெள்ளைக் கோட்டில் ஒரு காலும் சிவப்புக் கோட்டில் ஒரு காலுமாக நின்றார். "எனக்கு ரெண்டு நேரமும் வேணும். இப்போதைக்குக் காலையில நான் நடக்கறேன். இன்னும் கொஞ்ச காலம் போகட்டும், என் பேத்தி பலகையை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் இறங்குவா பாருங்க, பள்ளத்துல போய் மேட்டுல பறந்து..."

"அப்பா!" மரத்தடியிலிருந்து மகளின் குரல் வந்தது. "முதல்ல அவ குப்புற விழட்டும்ப்பா!"